பாதி முகத்துக்கு மட்டும் மாவு

நான் நாடகத்தில் பபூன். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் அரிதாரத்தைக் கழுவினால் மனுசராகிவிடுவார்கள். பபூனுக்கு அந்த வசதி கிடையாது. காப்பிக்கடையில் போய்க் காப்பி கேட்டாலும் சிரிப்பார்கள். என் தகப்பனைச் சுடுகாட்டுக்குத் தூக்கின அன்றைக்கு நான் அழுதபோது வாசலில் நின்றவர்களில் ரெண்டு பேர் சிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அழுகையை அதற்கு முந்தின வாரம்தான் சின்னமனூரில் மேடையில் அழுதிருந்தேன்.

என் பயத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பயம் வந்தால் எனக்கு முதலில் காது சுடும். அப்புறம் முழங்கால் ரெண்டும் ஒன்றையொன்று நலம் விசாரிக்கும். அதுவரைக்கும் வேடிக்கைதான். அதற்குப் பிறகு உடம்பு மரத்துப்போகும். பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் வாயில் மருந்து வைப்பார்களே, அந்த மாதிரி ஆளே மரத்துப்போவேன். இப்போது சொல்லப்போகிற சங்கதி முழுக்க அந்த மரப்பில் நடந்தது. அதனால் எங்கே அழ வேண்டும் என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.

ரெண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருசம் முந்தி. எங்கள் கம்பெனி கம்பத்துக்கும் போடிக்கும் நடுவில் சந்தை கூடுகிற ஊராகப் பார்த்துக் கொட்டகை போடும். சந்தைக்கு வந்த சனம் மாட்டை விற்ற கையோடு உள்ளே வரட்டும் என்று பகல் ஆட்டமும் உண்டு. சனத்துக்கு அப்போது பிடித்தது ஒன்றே ஒன்று: வெள்ளைக்காரத் துரையைக் கேலி செய்வது. ஆனால் முன் பெஞ்சில் ஒரு கான்ஸ்டபிள் உட்கார்ந்திருப்பார், மடியில் நோட்டோடு. வேறொரு கம்பெனியில் துரை வேஷம் போட்ட பபூன், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று போலீஸ் கூட்டிப்போனவன், திரும்பி வரும்போது முன்பல் ரெண்டு இல்லாமல் வந்தான். அதற்குப் பிறகு அவன் பேசினாலே சனம் சிரித்தது. நல்ல வளர்ச்சிதான். எனக்கு வேண்டாம் என்று இருந்தேன்.

முதலாளி கூப்பிட்டார். "துரையும் வேணும், துரை இல்லாமலும் இருக்கணும். யோசி" என்றார்.

யோசித்தேன். நெற்றி நடுவிலிருந்து மூக்குத்தண்டு வழியாக மோவாய் வரைக்கும் ஒரு கோடு. வலப்பக்கம் முத்துவெள்ளை, இடப்பக்கம் விளக்குக்கரி. தலையில் வலப்பக்கம் அறுத்த பாதித் தொப்பி, இடப்பக்கம் பாதித் தலைப்பா. வலக்காலில் கால்சட்டை, இடக்காலில் வேட்டி. வெள்ளைப் பக்கத்தைச் சனத்துக்குக் காட்டித் தொண்டை கிழியக் கத்துவேன்: "யூ டேம் பூல்! தேயிலைக் கொழுந்து எங்கே மேன்?" சடக்கென்று திரும்பிக் கரிப் பக்கத்தைக் காட்டி: "கொழுந்து கூடைக்குள்ள இருக்கு தொரைகளே. கூடை முதுகுல இருக்கு. முதுகு ஒங்க பூட்சுக்குக் கீழ இருக்கு."

கொட்டகை அதிரும். கான்ஸ்டபிளும் சிரிப்பார். அவருக்கு எழுத ஒன்றும் இல்லை. இது துரை இல்லையே, பாதித் துரைதானே.

கடைசியில் ரெண்டு பாதியும் சண்டை போடும். வெள்ளை கேட்கும்: "உன் அப்பன் யார் மேன்?" கரி சொல்லும்: "கப்பலேறிப் போயிட்டாக." "உன் ஆத்தா யார் மேன்?" அப்போது என் இடக்கை மெல்ல எழும்பும். பெண்கள் உட்காருகிற பக்கமாக நீளும். "அந்தா!"

சிரிப்பிலேயே பெரிய சிரிப்பு அதுதான்.

போடிக்கு மேலே மலையில் ஒரு தேயிலை எஸ்டேட். அங்கே எஞ்சினைப் பார்த்துக்கொள்கிற மேஸ்திரி ஒருவர் இருந்தார், முப்பது வயசு இருக்கும். பூனைக்கண். வெயில் பட்டால் கறுக்காமல் சிவக்கிற தோல். மதுரை ரயில்வேயில் இருக்கிற ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர்கள் மாதிரி பேரும் சர்ச்சும் குவார்ட்டர்சும் இவருக்குக் கிடையாது. தகப்பன் வழியில் வந்தது கண்ணும் தோலும் மட்டும். அவருடைய ஆத்தா ஒரு காலத்தில் மலையில் கொழுந்து கிள்ளியவள். கைக்குழந்தையோடு தனியாக இறங்கி வந்து, வீரபாண்டிக்குப் பக்கத்தில் ஒரு குடிசையில் நெல் குத்திப் பிழைத்தாள். குழந்தையின் கண் வெளுப்பாக இருப்பதைப் பார்த்துப் பார்வை இல்லாத பிள்ளை என்று பதறி, வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாளாம்: கண்ணைக் கொடு ஆத்தா, உசிர் இருக்கிற வரைக்கும் வருசா வருசம் ஆயிரங்கண் பானை எடுக்கிறேன் என்று. உடம்பெல்லாம் துளை போட்ட மண்பானை, உள்ளே விளக்கு. கண் கோளாறுக்கு அந்தக் கோயிலில் அதுதான் நேர்த்திக்கடன். பிள்ளைக்குப் பார்வை இருந்தது. ஆரம்பத்திலிருந்தே இருந்ததுதான். அவளிடம் யார் சொல்வது? ஊரும் சொல்லவில்லை. அம்மன் கொடுத்த கண், அதான் நிறம் வேறு என்று அவள் சொன்னாள், ஊர் தலையாட்டியது. முப்பது வருசமாகத் தலையாட்டியது.

அந்த மேஸ்திரியை நினைத்து நான் வேஷம் கட்டவில்லை என்று அப்போது எல்லாரிடமும் சொன்னேன். இப்போது பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? நினைத்துத்தான் கட்டினேன். முழு வெள்ளையைத் தொடப் பயம். பாதி வெள்ளைக்குப் பின்னால் யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியம்.

வீரபாண்டித் திருவிழாவுக்கு எட்டு நாள் முன்னால் தேனிச் சந்தையில் பகல் ஆட்டம். என் இடக்கை எழும்பியது. "அந்தா!" என்றேன். சத்தியமாக நான் யாரையும் காட்டவில்லை. பந்தக்காலுக்கும் தண்ணீர்ப் பானைக்கும் நடுவில் வெறும் இடத்தைக் காட்டினேன். பெண்கள் பக்கத்தில் இருந்த தலைகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பி ஒரே ஆளைப் பார்த்தன. மடியில் நார்ப்பெட்டியோடு ஒரு அம்மா. அதுவரைக்கும் அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். எல்லாரும் பார்க்கிறார்களே, யாரைப் பார்க்கிறார்கள் என்று அவளும் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. ஓலைத் தட்டிதான் இருந்தது.

பகல் ஆட்டம் என்பதால் எல்லாம் நன்றாகத் தெரிந்தது. என் காது சுட்டது.

மூன்றாம் நாள் ஆர்மோனியக்காரர் வந்து காதோடு சொன்னார்: "ஏப்பா, மலையிலருந்து மேஸ்திரி எறங்கிட்டாக. ஒன்னையத்தான் விசாரிக்கிறாகளாம். கையில ஸ்பானர் இருக்காம்."

"எவ்வளவு பெரிய ஸ்பானர்?" என்று கேட்டேன். அதுதான் அந்த நேரத்தில் எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

அவர் முழங்கையைத் தொட்டுக் காட்டினார். மத்தியானம் ஸ்திரீபார்ட் வந்து தோளைத் தொட்டுக் காட்டினான். சாயங்காலத்துக்குள் அந்த ஸ்பானர் என்னைவிட உயரமாகிவிட்டது. நாலு நாள் அரண்மனை எழுதின திரைச்சீலைச் சுருளுக்குள் குடியிருந்தேன். சோறு அங்கேயே வந்தது. தும்மினால் அரண்மனை ஆடியது.

திருவிழாவுக்கு முந்தின ராத்திரி முதலாளி கோயில் பக்கம் கொட்டகை மாற்றினார். மறைவதற்குச் சுருளும் போய்விட்டது. அப்போது எனக்கு ஒரு அபாரமான யோசனை. சேத்தாண்டி வேஷம். வேண்டுதல் உள்ளவர்கள் ஆற்றோரம் சேற்றை எடுத்து உச்சி முதல் உள்ளங்கால் வரை பூசிக்கொண்டு கோயிலுக்கு நடப்பார்கள். சேறு பூசினால் ராஜாவும் தெரியாது, பபூனும் தெரியாது. நூறு பேரில் ஒருத்தன். எந்த ஸ்பானர் வந்து கண்டுபிடிக்கும்?

விடிந்ததும் ஆற்றுக்குப் போனேன். முகத்துக்கு ரெண்டு பூச்சு, காதுக்கு மூன்று. அங்கே ஒரு வழக்கம் உண்டு. தன் முதுகுக்குத் தன் கை எட்டாது. அதனால் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றால் போதும், பூசிவிட வேண்டும். யார் என்ன என்று கேட்கக் கூடாது. என் பக்கத்தில் நின்றவர் முகமெல்லாம் சேறு அப்பி முடித்து என்னிடம் முதுகைத் திருப்பினார்.

முதுகு சிவப்பாக இருந்தது. தோள்பட்டையில் வெயில் பட்டு உரிந்த தோல்.

ஓடியிருக்கலாம். ஓடினால் தெரிந்துவிடுமே என்று பூசினேன். கை நிற்கவில்லை. ஒரு பூச்சு, ரெண்டு பூச்சு, மூன்று.

"போதும்ணே. சொவரா கட்டுறீக?" என்றார்.

"ஆச்சுங்க, ஆச்சுங்க" என்றேன். வாயில் சேறு இருந்தால் குரல் மாறும் என்று கொஞ்சம் வாயிலும் போட்டிருந்தேன்.

அவர் திரும்பவில்லை. "பபூனா?"

"இல்லீங்க."

"இல்லீங்கன்னு சொல்றதே பபூன் மாதிரித்தான் இருக்கு."

திரும்பினார். சேற்றுக்கு நடுவில் ரெண்டு பூனைக்கண். என் முழங்கால்கள் விசாரிப்பைத் தொடங்கின. "ஸ்பானர்..." என்றேன்.

"என்ன ஸ்பானர்?"

"கொண்டாந்திருக்கீகளாமே."

"திருவிழாவுக்கு எதுக்குய்யா ஸ்பானர்?" என்றார். சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. எஞ்சினில் எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். "ஆத்தா இந்த வருசம் பானை எடுக்க மாட்டேங்கிறா. எட்டு நாளா வாசலுக்கு வரல. அதான் அவளுக்குப் பதிலா நான் சேறு பூசி வாரேன். ஆனா பானை எடுக்காட்டி என் கண்ணு போயிரும்னு மூலையில உக்காந்து நடுங்குறா. எடுக்கவும் மாட்டேங்கிறா. நீங்க வந்து ஒண்ணு சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"கை அவளைக் காட்டலேன்னு."

அவ்வளவுதான். அடி இல்லை, ஒன்றும் இல்லை. அடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், அடி வாங்க எனக்கு நன்றாக வரும்.

ரெண்டு சேத்தாண்டிகளும் குடிசைக்கு நடந்தோம். ஈரச் சேறு காய்ந்து முகம் இறுகியது. உள்ளே அந்த அம்மா உரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மூலையில் பானை, துளை போட்டுச் சுண்ணாம்பு அடித்துத் தயாராக இருந்தது. அதை அவளே தயார் பண்ணிவிட்டுத்தான் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள்.

"ஆத்தா, பபூன் வந்திருக்காக" என்றார் மகன்.

"மொகத்தக் கழுவச் சொல்லு. ஆரு என்னன்னு தெரியல."

கழுவினேன். "ஆத்தா, நான் ஒங்களைக் காட்டல. சும்மா பந்தக்காலப் பாத்துக் கையை நீட்டினேன்" என்று ஒப்பித்தேன். குரல் என்னுடைய குரல் மாதிரி இல்லை.

அவள் என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு "செஞ்சு காட்டு" என்றாள்.

"எதைங்க?"

"அன்னைக்குச் செஞ்சத. கை எங்கன போச்சுன்னு பாப்பம்."

மகன் குறுக்கே வந்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. எழுந்து போய் முறத்திலிருந்து ஒரு கை அரிசிமாவு, அடுப்பிலிருந்து ஒரு துண்டுக் கரி கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "பூசிக்க. பூசாட்டி எப்பிடித் தெரியும்?"

கண்ணாடி இல்லை. தடவிப் பார்த்துக் கோட்டைப் போட்டேன். வலப்பக்கம் அவள் குத்திய அரிசியின் மாவு. இடப்பக்கம் அவள் அடுப்புக் கரி. இருபது வருசம் மேடையேறியிருக்கிறேன். ஒரே ஒரு ஆளுக்கு, பட்டப்பகலில், சிரிப்பு வராது என்று தெரிந்து ஆடினது அன்றைக்குத்தான். காலும் கையும் தன்பாட்டுக்கு வேலை செய்தன. நான் எங்கேயோ தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சை நிமிர்த்தி, வலக்காலை விறைப்பாக வீசி, "யூ டேம் பூல்!" என்று கத்தினேன்.

"நில்லு" என்றாள்.

நின்றேன்.

"அவுக அப்பிடி நடக்க மாட்டாக. இந்தக் காலைத் தாங்கித் தாங்கி நடப்பாக. குதிரையிலருந்து விழுந்தது."

மகன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பது வருசத்தில் அந்த ஆளைப் பற்றி அவர் ஆத்தா வாயிலிருந்து கேட்ட முதல் வார்த்தை அது என்று பிறகு சொன்னார். அவர் முகத்தில் சேறு காய்ந்து வெடித்திருந்ததால் அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் காலைத் தாங்கி நடந்தேன். சொன்னபடி செய்வதுதானே நடிகன் வேலை. மறுபடியும் "யூ டேம்..." என்று வாயைத் திறந்தேன்.

"சத்தம் போட மாட்டாக. ஒருநாளும் சத்தம் போட்டதில்ல. எல்லாத்தையும் மெதுவாப் பேசித்தான் செய்வாக."

அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அரிசியில் கல் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. எனக்கு அடுத்த வசனம் மறந்துபோனது. வசனம் எழுதினவனே நான்தான்.

"அப்பறம்?" என்றாள்.

"அப்பறம்... ஆத்தா யாருன்னு கேப்பேன்."

"கேளு."

மெதுவாகக் கேட்டேன். இடக்கை எழும்பியது. பாதியில் நின்றுவிட்டது. கீழே இறக்கவும் முடியவில்லை. வாசல் பக்கம் நீட்டினேன்.

"பாத்தீகளா ஆத்தா, ஒங்க பக்கமே வரல" என்றேன். பதற்றத்தில் என் குரல் கீச்சென்று ஸ்திரீபார்ட் மாதிரி வந்தது.

அவள் என் கையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். "நெசந்தான். கை காட்டல" என்றாள். மகன் மூச்சு விட்டார். "கை காட்டலேன்னா எல்லாரும் ஏன் என்னையப் பாத்தாக?"

அவ்வளவு நேரம் நானும் மகனும் சேர்ந்து கட்டிய சுவர் அங்கேயே விழுந்தது.

"அப்ப எல்லாருக்கும் தெரியும்" என்றாள் தனக்குத்தானே. "தெரிஞ்சேதான் இருந்திருக்கு." உரல் விளிம்பில் ஒட்டியிருந்த உமியை விரலால் துடைத்தாள். சுற்றிலும் துடைத்து முடித்தாள். பிறகு எழுந்து புடவையை இழுத்துச் செருகினாள். "நேரமாச்சு. வெளக்கை ஏத்து" என்றாள் மகனிடம்.

நான் முகத்தைக் கழுவத் தொட்டிப் பக்கம் போனேன்.

"கழுவாத" என்றாள். "இந்த மூஞ்சியோட முன்னால நட. பாக்குறவுக ஒன்னையப் பாக்கட்டும்."

அப்படித்தான் போனோம். முன்னால் நான், பாதி மாவு பாதி கரியோடு. பின்னால் தலையில் பானையோடு அவள். அவளுக்குப் பின்னால் சேறு பூசிய மகன். வழியெல்லாம் சனம். "ஏலே, பபூன்டா!" என்று ஒருத்தன் கத்தினான். "என்ன பபூனு, அம்மனுக்கே ஆட்டமா?" என்று இன்னொருத்தன். சிரிப்பு எழும்பும். என்னைத் தாண்டிப் பின்னால் பானையைப் பார்த்ததும் சிலர் நிறுத்திக்கொள்வார்கள், சிலர் நிறுத்த மாட்டார்கள். கான்ஸ்டபிள்கூட ஒரு பந்தலடியில் நின்று பார்த்தார். எல்லா மேடையிலும் எனக்குக் கேட்கிற சிரிப்பு அன்றைக்கு எனக்குக் கேட்கவில்லை. வாய் அசைவதுதான் தெரிந்தது. வலக்காலைத் தாங்கித் தாங்கி நடந்துகொண்டிருக்கிறேன் என்பது கோயிலை நெருங்கின பிறகுதான் எனக்கே உறைத்தது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு ஒரே ஒருதரம், உத்தமபாளையத்தில், முகம் முழுக்க வெள்ளை பூசி, மெதுவாகப் பேசுகிற துரையை ஆடினேன். ஒருத்தர் சிரிக்கவில்லை. கான்ஸ்டபிள் நோட்டைத் திறந்தார். என் முன்பல் ரெண்டும் எனக்கு வேண்டியிருந்தது. மறுநாளே பழைய கோழித் திருடன் வேஷத்துக்குப் போய்விட்டேன். பாதி மூஞ்சியை மட்டும் திரும்பப் போடவில்லை. அறுத்த தொப்பியை எலி தின்றுவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். அதற்குமேல் என்னைப் பற்றி உயர்வாக ஒன்றும் இல்லை.

கோயிலில் அவள் பானையை இறக்கினாள். கும்பிட்டாள். பிறகு மகனைப் பத்தடி தள்ளி நிற்கவைத்தாள். வருசா வருசம் பானை இறக்கினதும் அவள் செய்கிற காரியமாம் அது. முப்பது வயசு மேஸ்திரி, சேறு அப்பிய உடம்போடு, சின்னப்பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் கையைத் தூக்கி விரலைக் காட்டினாள்.

"எத்தனை?"

"மூணு ஆத்தா."

தலையை ஆட்டிக்கொண்டாள். பார்வை இருக்கிறது. இன்னும் ஒரு வருசத்துக்குக் கவலை இல்லை. அப்புறம் என்ன தோன்றியதோ, என் பக்கம் திரும்பி அதே கையைக் காட்டினாள். "ஒனக்கு?"

வேர்வையில் மாவு கரைந்து வலது கண்ணுக்குள் இறங்கியிருந்தது. கரி இடது கண்ணில். எனக்கு அவள் கை நிழலாகத்தான் தெரிந்தது.

"மூணு ஆத்தா" என்றேன்.